ஆயிரம் நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்

முதல் ஆழ்துளைக் கிணறு போட்ட அன்று என் சட்டையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. 260-ஆவது அடியில் பாறையில் ஒரு வெடிப்பு அகப்பட்டது. ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்று தண்ணீரை மூன்று ஆள் உயரத்துக்குத் தூக்கி வீசியது. குழந்தைகள் அதில் ஆட்டம் போட்டார்கள். போர் போட்டவர் பீறிட்ட நீரைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "இரண்டரை இன்ச் தண்ணீர் ஐயா, இனி உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் கவலை இல்லை" என்றார். பேரப்பிள்ளைகள் இருக்கட்டும், ஏழாவது மாதமே மோட்டார் இருமத் தொடங்கியது. குழாயில் அரை நிமிடம் தண்ணீர், அரை நிமிடம் காற்று, நடுநடுவே துருநிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒன்று.

இன்ச் என்பது குழாயின் அகலத்துக்கு உரிய அளவு. தண்ணீருக்கு லிட்டர் இருக்கிறது, நேரத்துக்கு நிமிடம் இருக்கிறது. இரண்டையும் கேட்காமல் இன்ச்சைக் கேட்டு மகிழ்ந்தது எங்கள் முதல் தவறு.

எங்களுடையது 112 வீடுகள் கொண்ட குடியிருப்பு, ஏறத்தாழ 430 பேர். நான் குடிநீர்க் குழுவின் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், கணக்கு எழுத மற்ற எல்லோரும் மறுத்துவிட்டதுதான். மண்ணியல் படித்தவன் இல்லை. ஒரு கிணற்றில் ஏமாந்து, அடுத்த இரண்டைக் கொஞ்சம் கண் திறந்து போட்டவன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் கிணற்றின் இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மின் இணைப்பு அங்கே இருந்தது, மேல்நிலைத் தொட்டி அங்கே இருந்தது, நிலம் பொதுவானது. 120 அடி தள்ளிப் பழைய திறந்த கிணறும் இருந்தது. "அங்கே தண்ணீர் இருப்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே" என்று எல்லோரும் தலையாட்டினோம். குச்சி பிடித்து நீரோட்டம் பார்த்தவரும் அதே இடத்தைத்தான் காட்டினார். தண்ணீர் வந்துவிட்டதால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்களுடையதைப் போன்ற பாறை நிலத்தில் எங்கே துளைத்தாலும் ஓரளவு ஈரம் தென்படும். எத்தனை நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் குச்சி வாய் திறப்பதில்லை.

புதுக் கிணறு ஓடத் தொடங்கிய மூன்றாவது மாதம், திறந்த கிணற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். மிக மோசமான கோடையிலும் முழங்கால் அளவுக்குக் கிடக்கும் தண்ணீர் அடியோடு வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. "நீங்கள் புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை தம்பி. என் பாத்திரத்தில் இருந்ததை உங்கள் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டீர்கள்" என்றார். அப்போது கோபம் வந்தது. பின்னால் தெரிந்தது, சார்லஸ் தீஸ் என்ற அமெரிக்க நீரியலாளர் 1940-இல் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான் என்று. கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் வேறெங்கோ குறைந்தாக வேண்டும்: நிலத்தடியில் தேங்கியிருந்ததில் குறையும், அல்லது ஓடைக்கும் ஊற்றுக்கும் போய்க்கொண்டிருந்ததில் குறையும், அல்லது மழைநீர் கூடுதலாக உள்ளே இறங்கி அதை ஈடுகட்ட வேண்டும். நான்காவது வழி கிடையாது. பெரியவருக்கு அது சேற்றைப் பார்த்தே புரிந்திருந்தது.

மோட்டாரையும் தவறாகவே இறக்கியிருந்தோம். கிணற்றின் ஆழம் 300 அடி, நீர் வரும் வெடிப்பு 260-இல், மோட்டார் 280-இல். கீழே இருந்தால் கடைசிச் சொட்டுவரை இழுக்கலாம் என்ற கணக்கு. அப்படி இழுத்ததில் நீர்மட்டம் வெடிப்புக்கும் கீழே இறங்கிவிட்டது. வெடிப்பு காற்றில் திறந்துகொண்டால் தண்ணீர் அருவிபோல் கிணற்றுக்குள் கொட்டும். கொட்டும் நீரில் காற்று கலக்கும். நீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் படியும், அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் கொழகொழப்பான படலமாக வளரும். குழாயில் வந்த அந்தக் கொழகொழப்பு இதுதான். வெடிப்பு அடைபட அடைபட நீர்மட்டம் இன்னும் இறங்கும், இறங்க இறங்க இன்னும் அடைபடும்.

இரண்டாவது கிணற்றுக்கு நிலத்தடி நீரியல் படித்த ஒரு பெண்ணை அழைத்தோம். எங்களில் சிலருக்கு அது வீண் செலவு என்ற எண்ணம் கடைசிவரை போகவில்லை. அவர் வந்த முதல் நாள் கருவி எதையும் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. காலை முழுக்க நடந்தார். கழிப்பறைக் குழிகள் எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மரம் கோடையிலும் வாடாமல் நிற்கிறது, யார் வீட்டுக் கிணறு கடைசியாக வற்றும் என்று கேட்டுக்கொண்டே போனார். பெரியவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நல்ல மழைக்குப் பின் மட்டம் எங்கே நிற்கும், கோடை முடிவில் எங்கே இறங்கும் என்று கிணற்றின் கல் வரிசைகளை எண்ணி அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். மழைக்கும் கோடைக்கும் நடுவே 15 அடி ஏற்ற இறக்கம் என்று தெரிந்தது. அந்த 15 பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

மறுநாள் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்தார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்தி, உள் கம்பிகளுக்கு நடுவே மின்னழுத்தத்தை அளக்கும் முறை. 1912 வாக்கில் கான்ராட் ஷ்லும்பர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிவைத்த வழி. வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட, மின்சாரம் மேலும் ஆழத்தைத் தொட்டுத் திரும்பும். காய்ந்த கெட்டிப் பாறை மின்சாரத்தை எதிர்க்கும், ஈரமான உதிரிப் பாறை விட்டுக்கொடுக்கும். "அப்படியானால் தண்ணீர் தெரிந்துவிடும் இல்லையா?" என்று கேட்டேன். "தெரியாது சார். களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூட இதே போலத்தான் விட்டுக்கொடுக்கும். உதிரிப் பாறை எங்கே தடிமனாக இருக்கிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்தப் பதிலில்தான். தண்ணீர் நிச்சயம் என்று சொல்கிறவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

கருவி காட்டியதில் மிக நல்ல புள்ளியை அவரே நிராகரித்தார். கழிப்பறைக் குழிகளுக்குக் கீழ்ச்சரிவில், அவற்றிலிருந்து வெறும் 60 அடி தூரத்தில் இருந்தது அது. கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணலில் அந்தத் தூரம் போதலாம், மணல் வடிகட்டிவிடும். பாறை வெடிப்பில் நீர் வாய்க்கால்போல் விரைந்து ஓடும், அங்கே 30 மீட்டரும் உத்தரவாதம் இல்லை. எனவே மேல்ச்சரிவில், பழைய கிணற்றிலிருந்து ஏறத்தாழ 1,100 அடி தள்ளி, இரண்டாம் தரமான புள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

துளை போடும்போது சண்டை வந்தது. 70 அடிவரை உதிரிப் பாறை. 95 அடியில் ஒரு வெடிப்பு, 140-இல் இன்னொன்று. 165-இல் நிறுத்தச் சொன்னார் அவர். போர் போடுகிறவர் 400 அடி போகலாம் என்று நின்றார். அவரையும் குறைசொல்ல முடியாது. அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசியிருந்தோம், ஆழம் கூடினால் அவருக்கு வரவு. ஆனால் கெட்டிப் பாறையில் ஆழம் கூடக் கூடத் தண்ணீர் கூடும் என்பது பெரும்பாலும் ஆசைதான். மேலே இருக்கும் பாறையின் எடையே கீழுள்ள வெடிப்புகளை அழுத்தி மூடிவிடும். துளையை அகலமாக்கினால் நீர் கூடும் என்பதும் இப்படித்தான். விட்டத்தை இரு மடங்காக்கினாலும் கிடைக்கும் நீர் பத்து விழுக்காடு கூடினால் பெரிது. அகலம் மோட்டார் இறங்குவதற்கு, ஊற்றைப் பெருக்குவதற்கு அல்ல.

இங்கே ஒரு வார்த்தை ஒப்பந்தம் பற்றி. அடிக்கணக்கில் மட்டும் பேசினால் அடிக்கணக்கில்தான் வேலை நடக்கும். துளையைக் கழுவுவதற்கு எத்தனை மணி நேரம், சுற்றுக்கட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், சோதனை ஓட்டம் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூலியாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் கிணற்றில் நாங்கள் எதையும் எழுதவில்லை. துளை முடிந்த அரை மணி நேரத்தில் ரிக் வண்டி புறப்பட்டுவிட்டது. இரண்டாவதில் ஐந்து மணி நேரம் காற்றடித்துக் கழுவினார்கள். முதல் ஒரு மணி நேரம் பால் கலந்த தேநீர்போல் வந்தது, பிறகு தெளிந்தது. தெளிந்தும் நிறுத்தவில்லை. காற்றை நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி விட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலங்கல் வந்தது. வெடிப்புகளில் துளைத்தூள் எவ்வளவு அடைந்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

சிமெண்ட் சுற்றுக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாத வேலை, தெரியாத வேலையில்தான் கைவைப்பார்கள். முதல் கிணற்றில், மேல்மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயை 20 அடியோடு நிறுத்திவிட்டு, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் துளைத்தூளாலேயே நிரப்பினார்கள். முதல் பெரிய மழையில் அந்த இடைவெளி வழியாக மேல்நீர் நேராக உள்ளே இறங்கியது. கலங்கல் வந்தது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டாவதில் கேசிங்கை 72 அடிக்கு இறக்கி, கெட்டிப் பாறையில் இரண்டு அடி ஊன்றி உட்காரவைத்தோம். துளையின் மேற்பகுதியை இதற்காகவே அகலமாகப் போட்டிருந்தோம். மேல் 25 அடிக்குச் சிமெண்ட் கூழ். அதை மேலிருந்து ஊற்றினால் நடுவில் எங்காவது சிக்கி, கீழே வெற்றிடம் நின்றுவிடும். ஒரு மெல்லிய குழாயை இடைவெளியின் அடிவரை இறக்கி, கூழை அதன் வழியே செலுத்தினால், கீழிருந்து மேலாக நிரம்பி வரும். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கலங்கல் நீர் வழிந்தது, பிறகு சாம்பல் கலந்த நீர், கடைசியில் கனத்த கூழ் மெல்ல ஏறி வந்து குழாயைச் சுற்றி வளையமாக நின்றது. அதன் பிறகு ஒரு முழு நாள் யாரையும் கிணற்றைத் தொடவிடவில்லை. கேசிங் தரைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்க, சுற்றிலும் வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டோம்.

இனி ஆயிரம் நிமிடக் கதை.

சோதனை ஓட்டம் என்றால் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். 6 இன்ச் துளையில் அடிக்கு ஏறத்தாழ ஐந்தரை லிட்டர் நீர் நிற்கும். எங்கள் கிணற்றில் 31-ஆவது அடியிலிருந்து 165 வரை நீர், அதாவது 700 லிட்டருக்கு மேல். முதல் சில நிமிடங்களில் நாம் இறைப்பது பெரும்பாலும் குழாயில் நின்ற இந்த நீரைத்தான். அதைப் பார்த்துக் கிணற்றை எடைபோடுவது, கடைக்காரரின் கல்லாவில் இருக்கும் சில்லறையைப் பார்த்து அவர் வருமானத்தைக் கணிப்பதுபோல.

வாடகைக்கு ஒரு மோட்டார் இறக்கி, வெளியேறும் நீரை 300 அடி தள்ளி விழும்படி குழாய் போட்டோம். பக்கத்திலேயே விட்டால் அதே நீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குத் திரும்பி, பொய்க்கணக்கு காட்டும். 200 லிட்டர் பீப்பாய் 125 வினாடியில் நிரம்பியது. வினாடிக்கு 1.6 லிட்டர். வால்வைத் திருகித் திருகி அந்த ஓட்டத்தை மாறாமல் வைத்திருப்பது என் மைத்துனர் வேலை. நீர்மட்டம் அளப்பது என் வேலை.

மட்டம் அளக்க நானே ஒரு கருவி செய்திருந்தேன், கொஞ்சம் பெருமையோடு. இரட்டை ஒயர், நுனியில் ஒரு ஈயக்குண்டு, மேலே பேட்டரியும் சின்ன பல்பும். நுனி நீரைத் தொட்டால் சுற்று முழுமையாகி பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. நல்ல தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவு தாராளமாகக் கடத்தாது என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஒரு மல்டிமீட்டரை மாட்டினேன். நுனி நீரைத் தொட்ட கணத்தில் முள் துள்ளியது. அதே கருவிதான் இன்றும் பயன்படுகிறது. ஒயரில் அடிக்கு ஒரு முடிச்சு, பத்து அடிக்கு ஒரு சிவப்பு நூல். இன்னொரு புத்திமதி: மோட்டார் இறக்கும்போதே பக்கத்தில் ஒரு இன்ச் பிளாஸ்டிக் குழாயும் சேர்த்து இறக்கிவிடுங்கள், அளவு ஒயர் போக. இல்லாவிட்டால் ஒயர் மோட்டார் கேபிளில் சிக்கும், ஒரு முறை சிக்கினால் அதற்குப் பிறகு யாரும் அளக்க முன்வரமாட்டார்கள்.

ஓடத் தொடங்குமுன் மட்டம் தரையிலிருந்து 31 அடி கீழே. பத்தாவது நிமிடம் 44. நூறாவது நிமிடம் 50.5. இந்த இடத்தில் நீரியல் படித்த அந்தப் பெண் ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார், கணக்குப் பிள்ளையான எனக்கு அது இனித்தது. பத்திலிருந்து நூறு நிமிடத்துக்குள் எவ்வளவு இறங்கியதோ, நூறிலிருந்து ஆயிரத்துக்குள்ளும் அதே அளவுதான் இறங்க வேண்டும். ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள்ளும் அதே அளவு. 1946-இல் கூப்பர், ஜேக்கப் என்ற இரு நீரியலாளர்கள் வகுத்துக்கொடுத்த எளிய வழி இது. எங்களுக்கு ஆறரை அடி இறங்கியிருந்தது. எனவே ஆயிரமாவது நிமிடத்தில் 57-இல் நிற்க வேண்டும். அதற்கு முன்னதாகவே 57-ஐத் தாண்டினால், பாறைக்குள் இருக்கும் நீர்த்தேக்கம் எங்கோ ஒரு சுவரில் முட்டுகிறது, அதாவது வெடிப்புகள் அதற்கு அப்பால் நீளவில்லை என்று பொருள்.

ஆயிரம் நிமிடம் என்றால் 16 மணி 40 நிமிடம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினோம். இரவு பத்தரை மணிவரை புள்ளிகள் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்தன. 400-ஆவது நிமிடம் 54.4, கணக்குப்படி அதேதான். அதற்கு மேல் கோடு வளைந்தது. நள்ளிரவு தாண்டி, டார்ச் வெளிச்சத்தில் முடிச்சுகளை எண்ணும்போது இரண்டு முறை தவறாக எண்ணிவிட்டேன் என்றே நினைத்தேன். தவறு என் கையில் இல்லை. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், ஆயிரமாவது நிமிடத்தில், மட்டம் 60. ஆறரைக்குப் பதில் ஒன்பதரை அடி. வளைந்த இடத்திலிருந்து சரிவு இரு மடங்காகியிருந்தது.

தூக்கமில்லாத முகங்களோடு எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் நிதானமாகத் தாளில் எழுதினார். லட்சம் நிமிடம் என்பது 69 நாள், ஏறத்தாழ ஒரு கோடை. ஆயிரத்திலிருந்து லட்சம் என்பது பத்து மடங்காக இரண்டு படி. படிக்கு இப்போது 13 அடி. 60-உடன் 26 சேர்ந்தால் 86. கோடையில் இயல்பாகவே மட்டம் இறங்கும் அந்த 15 அடியையும் சேர்த்தால் 101. வெடிப்போ 95-இல் இருக்கிறது. "இதே வேகத்தில் இறைத்தால் உங்கள் முதல் கிணற்றுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும்" என்றார். ஓட்டத்தை வினாடிக்கு 1.1 லிட்டராகக் குறைத்துப் போட்டுப் பார்த்தார். இறக்கமும் அதே விகிதத்தில் குறைந்து, மிக மோசமான கோடையிலும் 84 அடியில் நிற்கும் என்று வந்தது. வெடிப்புக்கு மேலே 11 அடி நீர். அதுவும் இடைவிடாமல் இறைத்தால் வரும் கணக்கு, நாங்கள் இரவில் நிறுத்திவைப்போம்.

வினாடிக்கு 1.1 லிட்டர் என்று கேட்டதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஆனால் ஆறரை மணி நேரம் ஓடினால் 25,700 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. 430 பேருக்குத் தலைக்கு 60 லிட்டர். எங்களுக்குத் தேவை அதுதான். பெரிய மோட்டாரைப் போட்டு இரண்டு மணி நேரத்தில் தொட்டியை நிரப்புவதைவிட, சிறிய மோட்டாரை அரை நாள் ஓட்டுவது கிணற்றுக்கு நல்லது. எங்கள் முதல் மோட்டார் இதைப்போல மூன்று மடங்கு இழுக்கக்கூடியது. அதை வாங்கியது நான்தான், "இருப்பதில் பெரியதைக் கொடுங்கள்" என்று கேட்டு.

மோட்டாரை நிறுத்திய பிறகும் அவர் கிளம்பவில்லை. மட்டம் திரும்ப ஏறுவதையும் அதே நிமிடக் கணக்கில் அளக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் இறைத்தோமோ அவ்வளவு நேரம் ஆறவிட்டும் பழைய மட்டத்துக்கு இரண்டு அடி குறைவாகவே நின்றது. இறைத்ததை நிலம் உடனே ஈடுகட்டிவிடாது என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். அதனால்தான் குழுவில் மூன்றாவது கிணறு வேண்டும் என்று முடிவானது, இரண்டாவதிலிருந்து 900 அடி தள்ளி. இரண்டு கிணறுகளையும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒன்றுக்கு ஓய்வு கிடைக்கும், ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். மூன்றாவதைச் சோதித்தபோது இரண்டாவதில் ஒயரை விட்டுப் பார்த்தோம். மட்டம் அசையவில்லை. பெரியவருக்கு அதை நேரில் காட்டினேன்.

தண்ணீர் சோதனைக்குக் குப்பியில் பிடித்தது, இரண்டாவது கிணற்றின் சோதனை ஓட்டத்தின் கடைசி நிமிடங்களில். துளை போட்ட அன்றே பிடித்தால் அது துளைத்தூளும் தேங்கிய நீரும் கலந்த மாதிரி. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.1 மில்லிகிராம் வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. ஆழமான முதல் கிணற்றில் 2.3 இருந்தது, அதை நாங்கள் ஏழு மாதம் குடித்திருக்கிறோம். நைட்ரேட் 38, வரம்பு 50. அதாவது தப்பித்தோம், ஆனால் கழிப்பறைக் குழிகளும் எருக்குவியல்களும் நம்மை எட்டிப் பார்க்கின்றன.

தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கையை உலகத்துக்கே உடைத்துக் காட்டியது வங்கதேசம். கிருமி நிறைந்த குளத்து நீருக்கு மாற்றாக 1970-கள் முதல் அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். வயிற்று நோய்க்குத் தீர்வாக வந்த அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது 1993-இல்தான் தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று குழாய்களுக்கு வண்ணம் பூசினார்கள். ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். காய்ச்சினால் கிருமி சாகும். ஆர்செனிக்கும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் காய்ச்சக் காய்ச்சச் செறிவாகும், போகாது. எனவே மோட்டார் வாங்குவதற்கு முன் சோதனை முடிவை வாங்குங்கள்.

கிருமி நீக்கம் எளிய வேலை. கிணற்றில் நிற்கும் 700 சொச்சம் லிட்டருக்கு, மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள வெளுப்புத்தூள் சுமார் 110 கிராம் போதும், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைத்துவிடும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி, குழாய் முழுக்க வாடை வரும்வரை ஓட்டி, ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் வாடை போகும்வரை வெளியே இறைத்துவிட வேண்டும். யாரும் அந்த நீரைப் பிடித்துவிடாதபடி காவலுக்கு ஆள் நிற்க வேண்டும். எங்களில் ஒருவர் பிடித்துத் துணி துவைத்து, சாயம் போன சட்டைக்கு என்னிடம் கணக்குக் கேட்டார்.

புதிய மோட்டார் 110 அடியில் தொங்குகிறது, இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவில். 92 அடியில் ஒரு உணரி. மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானாக நின்றுவிடும். முதல் கோடையில் இந்த உணரியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு தெருவே கூடி வந்து கேட்டது. நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் ஏட்டைத் திறந்து காட்டினேன். மட்டம் அன்று 71. அவர்களுடைய குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம், நடுவே ஒரு வீட்டில் இரவெல்லாம் தோட்டத்துக்குத் திறந்துவிட்டிருந்த குழாய். அது வேறு சண்டை, அதை இங்கே எழுதினால் முடியாது. ஏடு இருந்ததால் கிணற்றைப் பழிசொல்ல வழியில்லாமல் போயிற்று என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் கிணற்றை என்ன செய்வது என்று கேட்டார்கள். மழைக் கால்வாயை அதற்குள் திருப்பிவிட்டால் நிலத்தடி நீர் பெருகும் என்று ஒரு யோசனை வந்தது. நான் கடுமையாக மறுத்தேன். தெருவில் ஓடும் நீரை வடிகட்டாமல் துளைக்குள் விடுவது, நாம் குடிக்கும் பாத்திரத்தில் தெருவைக் கழுவி ஊற்றுவது. கூரை நீரை மணல் வடிகட்டி வழியாகப் பழைய திறந்த கிணற்றுக்கு அனுப்பினோம், அது பாதுகாப்பான வழி. முதல் துளையின் வாயில் இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்து அடைத்தோம். கைவிட்ட துளைகளை மூடாமல் போட்டு, குழந்தைகள் விழுந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். தகட்டில் ஒரு இன்ச் ஓட்டை மட்டும், திருகு மூடியோடு. வாரம் ஒரு முறை அதன் வழியே ஒயரை இறக்கி மட்டம் பார்க்கிறோம். யாரும் இறைக்காத கிணறு என்பதால் நிலத்தின் உண்மையான மட்டத்தை அதுதான் சொல்கிறது. இறைத்த காலத்தில் எங்களை ஏமாற்றிய அதே கிணறு, இப்போது பொய் பேசுவதில்லை.

நான்காவது ஆண்டு நடக்கிறது. சென்ற மாதம் ஏட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது கிணறு, அதே 1.1 லிட்டர் ஓட்டம், அதே ஆறு மணி நேரம். முதல் ஆண்டில் மட்டம் 16 அடி இறங்கியது, இப்போது 21. நிறுத்திவைத்த மட்டம் மாறவில்லை, முதல் கிணற்றின் மட்டமும் மாறவில்லை. எனவே நிலத்தில் நீர் குறையவில்லை, வெடிப்பு வாய்கள் அடைபடுகின்றன, கால்வாசித் திறன் போய்விட்டது. குழாயில் தண்ணீர் இன்னும் முழுதாக வருவதால் குழுவில் பாதிப் பேருக்கு இதைப் புரியவைக்க இரண்டு கூட்டம் ஆயிற்று. வரும் வாரம் மோட்டாரைத் தூக்கி, தூரிகை போட்டுத் தேய்த்து, காற்றடித்துக் கழுவப்போகிறோம். முதல் கிணறு போட்ட அதே ரிக் காரர்தான் வருகிறார். போனில் பேசும்போது, "எத்தனை மணி நேரம் ஐயா கழுவ வேண்டும்?" என்று அவரே கேட்டார். மணிக்கணக்கில் கூலி பேசியிருக்கிறேன்.